டாக்டர் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு மருந்தாளுநர்: கடலூரில் நடக்குமா?

புதுப்பாளையம் டாக்டர் | மார்ச் 3, இரவு 10:42

வணக்கம். கடலூர் புதுப்பாளையத்தில் 31 வருஷமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். சாயங்காலம் ஐந்துக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒன்பதரை ஆகும். ஐம்பது, அறுபது பேர் வருவார்கள். ஒருவருக்கு நான்கு நிமிஷம் கிடைத்தால் அதிகம். அந்த நான்கு நிமிஷத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் இந்த இழை.

தேவனாம்பட்டினத்து அம்மா ஒருவர், 68 வயது, தலைச்சுமையாக மீன் விற்றவர். இரண்டு கணுக்காலும் வீங்கி வந்தார். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. நெஞ்சைக் கேட்டேன், சிறுநீரில் புரதம் பார்த்தேன், எதிலும் குறையில்லை. நீர் பிரிய ஃபுரோசிமைடு 40 எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து, தலைசுற்றி வாசற்படியில் விழுந்துவிட்டார் என்று மருமகள் ஆட்டோவில் கூட்டி வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. அதை அப்படியே என் மேசைமேல் கவிழ்த்தார்.

நான் எழுதிய பிரஷர் மாத்திரை ஒரு அட்டை. பிராண்டு பெயர் கொட்டை எழுத்தில். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தால் பொடி எழுத்தில் டெல்மிசார்டான் 40, ஆம்லோடிபின் 5. அதற்குப் பக்கத்தில், அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த அட்டை. அதுவும் ஆம்லோடிபின் 5. ஆக, தினம் 10 மி.கி. உள்ளே போயிருக்கிறது. அந்த மாத்திரை கூடினால் கால் வீங்கும். இது மருத்துவ மாணவனுக்கே தெரியும். மருந்தால் வந்த வீக்கத்துக்கு நான் இன்னொரு மருந்து எழுதினேன். அது பொட்டாசியத்தையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்து இறக்கி ஆளைக் கீழே தள்ளிவிட்டது.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று முதல் நாளே கேட்டிருந்தேன். "இல்லைங்க" என்றார். ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்டால், "அது அரசாங்கம் வூட்டுல வந்து குடுக்கறது தானுங்களே" என்கிறார். அவர் கணக்கில் அது 'வேற மாத்திரை' இல்லை.

திட்டத்தின் மேல் எனக்குக் குறையே இல்லை. 2021 ஆகஸ்டில் அது தொடங்கிய பிறகுதான், மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்ட பலபேர் மறுபடி ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். குறை என் மேசையில். என் சீட்டு, ஜிப்மர் சீட்டு, மஞ்சக்குப்பம் பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டு, வீட்டுக்கு வரும் மாத்திரை, கடையில் வாய்ச்சொல்லாக வாங்கியது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பரப்பிப் பார்க்க யாருமே இல்லை.

நான் சின்னப் பையனாக இருந்தபோது திருப்பாப்புலியூரில் எங்கள் குடும்ப டாக்டரிடம் ஒரு கம்பவுண்டர் இருந்தார். மிக்ஸ்சர் மருந்து கலக்குவதற்கு முன் சீட்டை ஒருமுறை படிப்பார். சில நாள் எழுந்து உள்ளே போய், "ஐயா, இந்தப் புள்ளைக்கு இது போன வாரம்தான் குடுத்தோம்" என்பார். டாக்டர் அடித்துத் திருத்துவார். கம்பவுண்டர்கள் போய்விட்டார்கள். மருந்து தெரிந்தவர் தெருவுக்கு அந்தப் பக்கம் கடைக்குப் போய்விட்டார். அந்த இரண்டாவது ஜோடிக் கண்ணும் அவரோடு போய்விட்டது.

முறையாகப் படித்த ஒரு மருந்தாளுநரைக் கிளினிக்கிலேயே உட்கார வைக்கலாம் என்று பார்க்கிறேன். மருந்து விற்க அல்ல, பார்க்க. கடலூர், புதுச்சேரிப் பக்கம் யாராவது செய்திருக்கிறீர்களா? எனக்குத் தெரியாத சிக்கல் என்ன இருக்கிறது?

நெல்லிக்குப்பம் மெடிக்கல் | மார்ச் 3, இரவு 11:20

டாக்டர் சார், இதை நீங்களே எழுதினதுக்குப் பெரிய மனசு வேணும்.

22 வருஷமா கடை வச்சிருக்கேன். எங்க பக்கத்தையும் சொல்லிடறேன். என் கைக்கு வர்ற சீட்டுல மாத்திரை பேரும் 1-0-1ம் தான் இருக்கும். என்ன வியாதின்னு இருக்காது, கிட்னி ரிசல்ட்டு இருக்காது, போன மாசம் என்ன சாப்பிட்டாங்கன்னு இருக்காது. சீட்டே பாதி நேரம் வர்றதில்ல, காலி அட்டைதான் வரும். சந்தேகம் வந்து டாக்டருக்குப் போன் போட்டா, உள்ள பேஷண்ட் இருக்கும், எடுக்க மாட்டாங்க. எடுத்த ஒருத்தர் "நீ டாக்டரா நான் டாக்டரா"ன்னு கேட்டார். அன்னைக்கு அப்புறம் ரெண்டு வருஷம் நான் யாருக்கும் போன் போடல. அது என் தப்புதான். ஆனா அந்த ஒரு வார்த்தை ஆளை அப்படி உட்கார வச்சிடும்.

2015ல வந்த மருந்தாளுநர் தொழில்முறை விதிகள்ல, சீட்டோட வர்றவங்களுக்கு எப்படிச் சாப்பிடணும், பக்க விளைவு என்ன, ஒரு வேளை மறந்தா என்ன செய்யணும்னு எடுத்துச் சொல்லணும்னு தெளிவா இருக்கு. ராத்திரி எட்டு மணிக்குக் கவுன்டர்ல பன்னெண்டு பேர் நிப்பாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சும்பாங்க. எங்க சொல்றது?

இன்னொண்ணு. பத்து மாத்திரை அட்டையில நாலு கேட்டா கத்திரியால வெட்டித் தர்றோம். பேரும் தேதியும் மீதி ஆறுல தங்கிடும். அந்த நாலு பேரில்லாம வீட்டுக்குப் போகுது. உங்க மேசையில பையைக் கொட்டுனா அதுல பாதி இந்த வெட்டுத் துண்டாத்தான் இருக்கும்.

வில்லியனூர் மகள் | மார்ச் 4, காலை 6:15

இதைப் படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரல.

எங்க அம்மாவுக்குக் கை கால் மூட்டெல்லாம் முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் எழுதினாங்க, வாரத்துக்கு ஒரு நாள். மத்த நாள்ல ஃபோலிக் ஆசிட். ரெண்டுமே சின்னதா மஞ்சளா இருக்கும். வெட்டின துண்டுல பேர் இல்ல. கவர் மேல பேனாவால '1' போட்டிருந்தது, அவ்ளோதான். அம்மா ரெண்டையும் தினமும் போட்டுக்கிட்டாங்க. ஏழாவது நாள் வாயெல்லாம் புண்ணு, கஞ்சி கூட இறங்கல. எட்டாவது நாள் காய்ச்சல். ரத்தத்துல வெள்ளை அணு அடியோட இறங்கிடுச்சு. ஒன்பது நாள் வார்டுல வச்சிருந்து பிழைக்க வச்சாங்க.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒரு மருந்தாளுநர் பொண்ணு வந்து கட்டில் பக்கத்துல உட்கார்ந்துச்சு. அம்மாவைப் பார்த்து, "ஆயா, வாரத்துல உங்களுக்கு மறக்காத நாள் எது?"ன்னு கேட்டுச்சு. அம்மா சொன்னாங்க, "வெள்ளிக்கிழமை. தலைக்குத் தண்ணி ஊத்திட்டு விளக்கேத்துவேன்." அந்தப் பொண்ணு டப்பா மேல சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால 'வெள்ளி விளக்கு மாத்திரை'ன்னு எழுதிக் குடுத்துச்சு. ஃபோலிக் ஆசிட்டை வேற டப்பாவுல போட்டு, அது மேல வெள்ளியை மட்டும் அடிச்சு, மத்த ஆறு நாளையும் எழுதிச்சு. மூணு வருஷம் ஆச்சு, ஒரு தடவை கூட மாறல.

அஞ்சு நிமிஷ வேலை. முதல் நாளே யாராவது செஞ்சிருந்தா அந்த ஒன்பது நாள் இருந்திருக்காது. டாக்டர் ஐயா, தயவுசெய்து ஆளைப் போடுங்க.

கெடிலக்கரை | மார்ச் 4, காலை 9:03

சார், நான் ஃபார்ம் டி படித்த மருந்தாளுநர். நம்ம நாட்டில் 2008இல் வந்த படிப்பு. ஆறு வருஷம், அதில் கடைசி வருஷம் முழுக்க ஆஸ்பத்திரி வார்டு. நோயாளியின் மொத்த மருந்தையும் அலசத்தான் எங்களைத் தயார் செய்தார்கள். படித்து முடித்து வந்தால் உட்கார நாற்காலி இல்லை. என்னோடு படித்தவர்களில் பலர் சென்னையில் மெடிக்கல் கோடிங் (மருத்துவக் குறிப்புகளைக் குறியீடாக மாற்றும் வேலை) பார்க்கிறார்கள். நானும் வீட்டிலிருந்தபடி அதைத்தான் செய்கிறேன். பண்ருட்டியில் இருக்கிறேன்.

சிதம்பரம் எம்.டி. | மார்ச் 4, மதியம் 1:48

மூத்தவரின் நேர்மைக்கு வணக்கம். ஆனால் மூன்று இடத்தில் எனக்கு இடிக்கிறது.

மருந்தாளுநர் ஒன்று சொல்லி, நான் ஏற்காமல், நோயாளிக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு யாருக்கு? அவர் சொன்னதை நான் ஏற்று அது தப்பாகிப் போனால்? சட்டப்படி எழுதும் உரிமை நமக்கு மட்டும்தான். ஷெட்யூல் எச் மருந்தில், அதாவது டாக்டர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய மருந்தில், எழுதியதற்குப் பதில் வேறு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது என்று மருந்து விதிகளிலேயே இருக்கிறது.

அடுத்தது நம்பிக்கை. நான் எழுதியதை இன்னொருவர் நோயாளி முன்னால் கேள்வி கேட்டால், அடுத்த முறை அவர் நம்மிடம் வருவாரா?

மூன்றாவதுதான் பெரிய பயம். 'கிளினிக்கில் மருந்தாளுநர்' என்ற பெயரில் கிளினிக்கிலேயே கடை முளைக்கும். சம்பளத்தை ஈடுகட்ட டானிக்கும் கால்சியமும் பத்து நாளுக்குப் பதில் ஒரு மாதத்துக்கு விற்கும். பல இடங்களில் பார்த்துவிட்டேன்.

முத்தியால்பேட்டை பொண்ணு | மார்ச் 4, இரவு 9:37

புதுச்சேரி முத்தியால்பேட்டைதான் சொந்த ஊர். இப்போது இங்கிலாந்தில் லீட்ஸில் ஒரு குடும்ப மருத்துவர் நிலையத்தில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். கடை கிடையாது, விற்பனை கிடையாது. எனக்கென்று ஓர் அறை, டாக்டர் பார்க்கும் அதே கணினிப் பதிவு. சிதம்பரம் சார் கேட்டதற்கு இங்கே எப்படி வழி செய்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

இங்கே 2015இல் முன்னோட்டமாகத் தொடங்கினார்கள். 2019 ஒப்பந்தத்தில், பக்கத்துப் பக்கத்து மருத்துவர் நிலையங்களைக் கூட்டுகளாகச் சேர்த்து, மருந்தாளுநர் சம்பளத்தில் 70 சதவீதத்தை அரசே கொடுத்தது. 2020லிருந்து முழுச் சம்பளமும். அதனால்தான் ஊரெங்கும் பரவியது. டாக்டர் தன் வருமானத்திலிருந்தே கொடுக்க வேண்டியிருந்தால் இவ்வளவு பேரை எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. விற்பனையிலிருந்து சம்பளம் வரக் கூடாது என்பதில் சிதம்பரம் சார் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

பொறுப்பு பற்றி: நான் சேர்ந்தபோது பதினெட்டு மாதப் பயிற்சி இருந்தது. மேற்பார்வைக்கு ஒரு டாக்டர் உண்டு. ஆரம்பத்தில் நான் குறிப்பு மட்டும் எழுதுவேன், முடிவு அவருடையது. தனியாக மருந்து எழுதும் தகுதிப் படிப்பும் இருக்கிறது. மருந்தாளுநர்களுக்கு அந்த உரிமை இங்கே 2006இலேயே வந்துவிட்டது. அதை முடித்த பிறகு ரத்த அழுத்த நோயாளிகளுக்கு என் கையெழுத்திலேயே எழுதுகிறேன். பொறுப்பும் என்னுடையதே. நம் ஊரில் அந்தச் சட்டம் இல்லை. அது இல்லாமலே முதல் பாதியைச் செய்யலாம்.

என் காலை நேரம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களின் கடிதங்களோடு போகும். அங்கே எதை நிறுத்தினார்கள், எதைக் கூட்டினார்கள் என்று பார்த்து இங்குள்ள பட்டியலைத் திருத்துவேன். பிறகு பத்துப் பன்னிரண்டு மாத்திரை சாப்பிடும் வயதானவர்களைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றையும் எடுத்து "இது எதுக்குன்னு தெரியுமா?" என்று கேட்பேன். நிறுத்த வேண்டியது ஏதாவது ஒன்று அநேகமாக இருக்கும்.

குறையும் உண்டு, மறைக்கக் கூடாது. முதல் வருஷம் கையெழுத்துக்குக் காத்திருக்கும் காகிதத்தையெல்லாம் என் தலையில் கட்டினார்கள். நோயாளி முகத்தையே பார்க்காத வாரங்கள் உண்டு. இன்னொன்று, எங்களைப் போன்றவர்கள் இந்த வேலைக்கு வந்துவிட்டதால் தெருக்கடைகளில் மருந்தாளுநர் தட்டுப்பாடு. நெல்லிக்குப்பம் அண்ணன் மாதிரி ஆட்களை இழந்துவிட்டு இதைச் செய்யக் கூடாது.

குறிஞ்சிப்பாடி ஃபார்மசிஸ்ட் | மார்ச் 5, காலை 7:50

ஆரம்ப சுகாதார நிலையத்துல நாங்க ஏற்கெனவே டாக்டரோட ஒரே கூரைக்குக் கீழதான் இருக்கோம். ஆனா ஜன்னலுக்குப் பின்னால. திங்கக்கிழமை ஓ.பி.யில இருநூறு பேர் தாண்டும். கையை உள்ள விடுவாங்க, மாத்திரையை வைப்போம், அடுத்த கை. முகம் தெரியாது. ஓ.பி. முடிஞ்சா ஸ்டாக் ரிஜிஸ்தர், இன்டென்ட், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தர்ற மருத்துவப் பணிகள் கழகத்துக் கிடங்குக்கு பாஸ்புக் தூக்கிட்டுப் போறது, காலாவதியைப் பிரிச்சு வைக்கறது.

அந்தக் கழகம் 1994ல வந்ததால மருந்து இல்லைங்கற பேச்சு குறைஞ்சுது, அதுல எனக்குப் பெருமை உண்டு. மருந்து கைக்குப் போய்ச் சேருது. வாயில எப்படிப் போகுதுன்னு பார்க்க ஆள் இல்ல. ஒரே கூரைங்கறது போதாது. நேரமும் நாற்காலியும் குடுத்தாத்தான்.

திருப்பாப்புலியூர் வாசி | மார்ச் 5, காலை 8:12

ஃபீஸ் ஏறுமா டாக்டர்? அதை மட்டும் சொல்லிடுங்க.

புதுப்பாளையம் டாக்டர் | மார்ச் 5, இரவு 11:05

ஏறாது.

சிதம்பரம் தம்பிக்கு. எழுதும் பேனா என்னுடையது, பொறுப்பும் என்னுடையது. மருந்தாளுநர் ஒன்றையும் மாற்றப் போவதில்லை, என்னிடம் கேட்கப் போகிறார். கேட்ட பிறகும் நான் தப்பாக எழுதினால் அது என் தலையில். இன்றைக்கும் அப்படித்தானே? தேவனாம்பட்டினத்து அம்மா விழுந்ததற்கு வேறு யார் பொறுப்பு? நம்பிக்கை பற்றிச் சொன்னீர்கள். மஞ்சப்பையைக் கவிழ்த்த அன்று, "தப்பு என்னுதும்மா" என்று அந்த மருமகளிடம் சொன்னேன். அதற்கப்புறமும் அவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள்.

கடை பற்றிய பயம் நியாயமானது. இன்று மதியமே ஒரு மருந்துக் கடைக்காரர் வந்து, "சம்பளத்தை நான் தர்றேன் சார், ஆளு நம்ம ஆளா இருக்கட்டும்" என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். இங்கே உட்காருபவர் கையில் ஒரு மாத்திரைகூட விற்பனைக்கு இருக்கக் கூடாது.

கெடிலக்கரை தம்பி, செவ்வாய், வெள்ளி சாயங்காலம் வர முடியுமா? ஒரு சாயங்காலத்துக்கு 800 ரூபாய் என் கையிலிருந்து தருகிறேன். உங்கள் ஆறு வருஷப் படிப்புக்கு இது ஈடில்லை. இப்போதைக்கு என்னால் முடிந்தது இதுதான். அரசாங்கம் செய்ய வேண்டியதைத் தனி ஆள் எத்தனை நாள் செய்ய முடியும் என்றும் தெரிந்தேதான் இறங்குகிறேன்.

கெடிலக்கரை | மார்ச் 5, இரவு 11:09

வருகிறேன் சார். பண்ருட்டியில் நாலு மணி பஸ் பிடித்தால் வந்துவிடலாம்.

புதுப்பாளையம் டாக்டர் | மே 9, இரவு 10:30

இரண்டு மாதம் ஆகிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் வாரம் தடுமாற்றம்தான். வருகிறவர்கள் கெடிலக்கரைத் தம்பியைப் பார்த்து "ஊசி போடற சாரா?" என்றார்கள். பையோடு வரச் சொன்னால் ஸ்கேன் படத்தைக் கொண்டுவந்தார்கள். நானும் ஒரு நாள் முகம் சுளித்துவிட்டேன். நோயாளி எதிரிலேயே தம்பி "சார், இது வேண்டாம்னு நினைக்கிறேன்" என்றார். வெளிக்காட்டாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அன்றிரவு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். நோயாளி முதலில் தம்பியிடம் போவார். தம்பி கண்டதைத் துண்டுத் தாளில் எழுதி என் மேசைக்கு அனுப்புவார். அதைப் படித்த பிறகுதான் நான் ஆளைக் கூப்பிடுவேன். எழுதுவதற்கு முன்னாலேயே வந்துவிடுவதால் திருத்தம் என்ற பேச்சே எழுவதில்லை.

தம்பியிடம் நான் கற்றது ஒன்று. 31 வருஷமாக "வேற மாத்திரை சாப்பிடறீங்களா?" என்றுதான் நான் கேட்டு வந்தேன். தம்பி அப்படிக் கேட்பதே இல்லை. "வலிக்கு என்ன போடறீங்க? தூக்கம் வரலைன்னா என்ன? வயித்தெரிச்சலுக்கு? மலம் இறுகினா? நாட்டு மருந்து ஏதாவது?" என்று உபாதையைச் சொல்லிக் கேட்கிறார். பதில் கொட்டுகிறது.

அப்படித்தான் நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் பிடிபட்டார். டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் சேர்ந்த பிரஷர் மாத்திரை நான் எழுதியது. ரத்தத்தில் உப்பு (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின்) 1.1 இருந்தது 1.9 ஆகியிருந்தது. சர்க்கரையால் சிறுநீரகம் போகிறது என்று நினைத்து, சிறுநீரக மருத்துவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். தம்பியின் தாள் வந்தது: 'முட்டிவலிக்கு அசிக்ளோஃபெனாக், தினம் இரண்டு, நாலு மாதமாக, கடையில் வாங்குகிறார்.' இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகத்தை மூன்று பக்கமும் நெருக்கும். வலி மாத்திரையை நிறுத்தி, பாராசிட்டமாலும் முட்டிக்குத் தைலமும் பயிற்சியும் சொன்னோம். ஐந்து வாரத்தில் 1.3க்கு இறங்கியது.

இன்னொருவர் ஆசிரியை. தைராய்டு கட்டுக்குள் வரவில்லை என்று மாத்திரையின் டோஸை 50 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆக்கி, 100 ஆக்கினேன். அவர் காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, கால்சியம், காபி மூன்றையும் ஒன்றாக முடித்துக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூடம் கிளம்பற அவசரம் சார்" என்றார். கால்சியத்தை ராத்திரிக்குத் தள்ளினோம். காபியை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் சொன்னோம், அதற்குத்தான் சங்கடப்பட்டார். ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்த்து, டோஸைக் குறைக்க வேண்டியதாயிற்று.

எல்லாம் வெற்றி இல்லை. தூக்க மாத்திரையை விட முடியாமல் ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். தம்பி வராத நாட்களில் நான் பழையபடிதான் ஓடுகிறேன். அந்த நாட்களில்தான் பயமாக இருக்கிறது. முன்னே அந்தப் பயம் எனக்கு இருந்ததில்லை.

நெல்லிக்குப்பம் மெடிக்கல் | மே 9, இரவு 10:51

சார், அந்தக் கரும்புக்காரர் அசிக்ளோஃபெனாக் வாங்கினது என் கடையா இருக்கலாம். இனிமே சீட்டு இல்லாம வலி மாத்திரை கேட்டா, "பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களா"ன்னு கேட்காம குடுக்கறதில்லைன்னு பையன்கிட்டயும் சொல்லிட்டேன். தம்பி நம்பர் எனக்கு அனுப்புங்க. சந்தேகம்னா அவருக்குப் போன் போடறேன். அவர் எடுப்பார் இல்ல?

கெடிலக்கரை | மே 9, இரவு 10:53

எந்நேரமானாலும் எடுப்பேன் அண்ணா. தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

சிதம்பரம் எம்.டி. | மே 10, காலை 7:22

அந்தத் துண்டுத் தாளில் என்னென்ன இருக்கிறது என்று அனுப்ப முடியுமா சார்? என் கிளினிக்கில் ஒரு நாள் போட்டுப் பார்க்கிறேன்.

புதுப்பாளையம் டாக்டர் | மே 10, காலை 7:40

அச்சடித்த படிவம் எதுவும் இல்லை தம்பி, அரைப்பக்கத் தாள்தான். மேலே பெயர், வயது, எடை, கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின், அதன் தேதி. நடுவில் பையிலிருந்த ஒவ்வொரு மருந்தும், பிராண்டை விட்டுவிட்டு உள்ளிருக்கும் மருந்தின் பெயரில். பக்கத்தில் யார் கொடுத்தது, எதற்கு என்று நோயாளி நினைக்கிறார், நிஜமாக எப்படிச் சாப்பிடுகிறார். கீழே ஒரே ஒரு வரி, 'டாக்டரிடம் கேட்க வேண்டியது'. ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு வரி இருந்தால் அவசரத்தில் நான் முதல் வரியைத்தான் படிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு மேல் வாருங்கள். கூட்டம் குறைந்திருக்கும், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். தேவனாம்பட்டினத்து அம்மாவையும் அன்றைக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறேன், பையோடு.